கலையாத சுழி

அம்மா செய்த கிரீமைப் பற்றி எல்லோரும் நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். தொல்லையே அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். மகளுக்கு வயது பத்து. எதைச் சொன்னாலும் ஏன், எப்படி, எதுக்கு என்று துருவித் துருவிக் கேட்பாள். அதனால் துருவி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கிறது. வகுப்பு டீச்சரைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அம்மா பதினோரு வருடம் ஒரு கிரீம் தொழிற்சாலையில் கலக்கி டப்பாவில் நிரப்பும் வேலை பார்த்தாள். போன வருடம் அங்கே ஒரு புது இயந்திரம் வந்து இறங்கியது. அது வந்த வாரத்திலேயே அம்மாவையும் இன்னும் எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது ஆளுக்கொரு கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்கள்.

"வேலைக்கு வரவேணாம்னு சொல்லிட்டு, மணி பார்க்கக் கடிகாரம் குடுக்கறாங்க பாரு," என்று சொல்லி அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத் துருவிக்குப் பயமாக இருந்தது. அதற்கப்புறம் அம்மா சிரிப்பதே குறைந்துபோனது.

பிறகு ஒரு நாள் அம்மா சமையலறையிலேயே கிரீம் செய்ய ஆரம்பித்தாள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர். இன்னொன்றில் எண்ணெயும் மெழுகும். இரண்டையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து, சேர்த்து ஊற்றி, ஆறும்வரை கை ஓயாமல் கலக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் தண்ணீர் தனியாக, எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும். கடைசியில், கிரீம் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு மருந்தைக் கொஞ்சமே கொஞ்சம் சேர்ப்பாள். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. வெறும் வெள்ளை கிரீம்.

டப்பாவில் நிரப்பியதும் கரண்டியின் பின்பக்கத்தால் மேலே ஒரு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று தூக்குவாள். கிரீமின் தலையில் ஒரு சுழி விழும். அதன் நுனி சின்ன மூக்கு மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

"இது எதுக்கும்மா?"

"தொழிற்சாலையில எங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு சுழி உண்டு. சுழியப் பார்த்தே யார் நிரப்பின டப்பான்னு சொல்லிடுவாங்க. மூக்கு வச்ச சுழின்னா அது நான்தான்."

தெருமுனை மருந்துக்கடைக்காரர் அந்தச் சுழியையெல்லாம் கவனிக்கவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கிரீமை மோந்து பார்த்தார்.

"வாசனையே இல்லையேம்மா."

"வாசனை மூக்குக்குத்தான் சார் வேணும். தோலுக்கு வேணாம்," என்றாள் அம்மா.

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் பிடித்துவிட்டது என்பதற்காக எதையும் செய்துவிடுகிற ஆள் இல்லை அவர்.

"எல்லாத் தோலும் ஒண்ணு இல்லம்மா. வறண்ட தோல் இருக்கு, எண்ணெய் வழியற தோல் இருக்கு, ரெண்டும் கலந்தது இருக்கு, சாதாரணத் தோல் இருக்கு. தொட்டாலே சிவந்துபோற தோலும் இருக்கு. வகைக்கு ஒருத்தரா அஞ்சு பேரைப் பிடிங்க. ஏழு நாள் தடவட்டும். தினமும் எப்படி இருக்குன்னு அவங்க கையாலயே ஒரு தாள்ல எழுதட்டும். சரியா வந்தா முன்பக்க அலமாரியில ஒரு தட்டு உங்களுக்குத்தான்."

தெருவில் போகிற எல்லோர் கண்ணிலும் படுகிற அலமாரி அது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அம்மா அந்த ஒரு தட்டைப் பற்றியே பேசினாள்.

நாலு பேர் சுலபமாகக் கிடைத்தார்கள். வறண்ட தோலுக்குக் கீழ்த்தளத்து இஸ்திரி மாமா. நாள் முழுக்கச் சூட்டில் நின்று அவர் கை காய்ந்து வெடித்திருக்கும். எண்ணெய்த் தோலுக்கு ரொட்டிக்கடை அண்ணன். அவர் முகம் அடுப்பு முன்னால் எப்போதும் பளபளக்கும். கலந்த தோலுக்குத் தபால் அத்தை. வெயிலிலும் காற்றிலும் சைக்கிள் மிதிக்கிற அவளுக்கு மூக்கில் எண்ணெய், கன்னத்தில் வறட்சி. சாதாரணத் தோலுக்குத் துருவி.

ஐந்தாவது ஆள்தான் சிக்கல். தொட்டாலே சிவக்கும் தோல் அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. மூன்றாம் மாடி நொட்டை அக்கா.

அவள் மருத்துவமனை உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவுகிறவள். நாளெல்லாம் சோப்புத் தண்ணீரில் கை. படிக்கட்டு அழுக்கு, குழாய் ஒழுகுது, உன் பையைச் சரியா மாட்டு என்று பார்க்கிறவரிடமெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லிக்கொண்டே இருப்பாள். மெழுகு உருக்குகிற வாசம் படியேறி வருகிறது என்று அம்மாவிடமே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

"அவகிட்டயா?" என்று அம்மா முகம் சுளித்தாள். வேறு வழியில்லை. துருவியைத்தான் மேலே அனுப்பினாள்.

அக்கா கதவைக் கொஞ்சமாகத் திறந்து டப்பாவையும் தாளையும் வாங்கினாள்.

"ஏழு நாளா?"

"ஆமாக்கா. தினமும் எழுதணும்."

"எழுதறேன்," என்றாள் அக்கா. கதவு மூடிக்கொண்டது.

துருவி இரண்டு நாள் ஒழுங்காகத் தடவினாள். மூன்றாம் நாள் மறந்துபோனாள். நாலாம் நாள் பிசுபிசுப்பாக இருந்தது என்று விட்டுவிட்டாள். ஐந்தாம் நாள் ஞாபகமே வரவில்லை. ஏழாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே தாளை எடுத்து, 'நன்றாக இருக்கிறது' என்று ஏழு தடவை எழுதினாள். நடுவில் அலுத்துப்போய் ஒரு இடத்தில் மட்டும் 'மிகவும்' சேர்த்தாள்.

பள்ளி விட்டு வந்ததும் எல்லா வீட்டுக்கும் போய்த் தாள்களையும் டப்பாக்களையும் வாங்கி வந்தாள். நொட்டை அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய டப்பாவும் தாளும் ஒரு பையில் கதவுப்பிடியில் தொங்கின.

அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இஸ்திரி மாமா 'அருமை' என்று எழுதியிருந்தார். ஏழு நாளும் அருமை. ரொட்டிக்கடை அண்ணன் 'சூப்பர்' என்று எழுதியிருந்தார். தபால் அத்தை 'இதுபோல் ஒரு கிரீம் பார்த்ததில்லை' என்று முடித்திருந்தாள். அம்மா ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தாள். மகள் எழுதியதையும் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். கடிகாரச் சிரிப்பு இல்லை இது, பழைய சிரிப்பு.

கடைசியாக ஐந்தாவது தாளை எடுத்தாள். சிரிப்பு போய்விட்டது.

முதல் நாள்: மூடி ரொம்ப இறுக்கம். திறப்பதற்குள் விரல் வலிக்கிறது. பிசுபிசுப்பு.

இரண்டாம் நாள்: லேசாக எரிகிறது.

மூன்றாம் நாள்: நன்றாகவே எரிகிறது. இடது கையில் நிறுத்திவிட்டேன். வலது கையில் மட்டும் தடவுகிறேன். அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

நான்காம் நாள்: இடது கை பரவாயில்லை. வலது கை சிவப்பு.

ஐந்தாம் நாள்: சோப்பு அதே சோப்புதான். அதனால் இது கிரீம்தான்.

ஆறாம் நாள்: எரிச்சல்.

ஏழாம் நாள்: சொன்னபடி ஏழு நாள் முடித்துவிட்டேன். பாதி மீதி இருக்கிறது. திருப்பிக் கொடுக்கிறேன்.

"பார்த்தியா? நாலு பேருக்கு எரியலயாம், இவளுக்கு மட்டும் எரியுதாம். வேணும்னே எழுதியிருக்கா." அம்மா தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். "ரொட்டிக்கடைத் தம்பியோட அக்காவுக்கும் தோல் சிவக்குமாம். அவகிட்ட ஒரு தாள் எழுதி வாங்கிட்டாப் போச்சு. நாளைக்குக் காலையில மருந்துக்கடைக்குப் போகணும்."

அம்மா முகம் கழுவப் போனாள். துருவி குப்பைக்கூடையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் வைத்து நீவினாள்.

அதில் முதல் இரண்டு வரி நீல மையில் இருந்தது. அடுத்தது பென்சில். அப்புறம் கறுப்பு மை. ஓர் இடத்தில் தண்ணீர் பட்டு எழுத்து கலங்கியிருந்தது. தினமும் கைக்குக் கிடைத்ததை எடுத்து எழுதின தாள் அது. மற்ற நாலும் அப்படி இல்லை. ஒரே பேனா, ஒரே மூச்சு. ஒரே மூச்சில் எழுதினால் தாள் எப்படி இருக்கும் என்று துருவிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளே காலையில்தான் அப்படி எழுதியிருந்தாள்.

இஸ்திரி மாமாவின் டப்பாவைத் திறந்தாள். உள்ளே சுழி அப்படியே இருந்தது. மூக்குக்கூட வளையவில்லை.

ரொட்டிக்கடை அண்ணன் டப்பாவிலும் சுழி கலையவில்லை. தபால் அத்தையின் டப்பாவில் மட்டும் ஓரமாக ஒரு விரல் பட்ட தடம். அதுவும் ஒரே ஒரு தடவை.

துருவி கீழே இறங்கி ஓடினாள். மாமா சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க கிரீம் தடவினீங்களா?"

"தடவினேனே. அதான் எழுதிக் குடுத்தேனே."

"சுழி அப்படியே இருக்கு மாமா."

மாமா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தா பாரு. கையில கிரீமத் தடவிட்டு அடுத்தவன் சட்டையத் தொட முடியுமா? கறை ஒட்டிக்கும். அப்புறம் என் பொழப்பு என்ன ஆகும்?"

"அப்படின்னா அதை எழுதியிருக்கலாமே மாமா."

"எப்படி எழுதறது? உங்கம்மா பாவம். வேலையும் போச்சு. நாலு நல்ல வார்த்தை எழுதினா என்ன குறைஞ்சிடும்? ரொட்டிக்கடைக்காரன்கூட அதைத்தான் சொன்னான். போ, அம்மாகிட்ட எதையும் உளறி வைக்காத."

துருவிக்குக் கோபம் வந்தது. மாமாமேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் நல்ல மனதோடுதான் பொய் சொல்லியிருக்கிறார். நல்ல மனதோடு சொன்ன பொய்யை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

திரும்பி ஏறும்போது அவள் தன் வீட்டைத் தாண்டி மூன்றாம் மாடிக்குப் போனாள். அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன? தாள் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுக்கா. உங்க கையக் கொஞ்சம் காட்டறீங்களா?"

அக்கா இரண்டு கையையும் நீட்டினாள். இடது கை காய்ந்து வெடித்திருந்தது, அவ்வளவுதான். வலது கையின் புறங்கை முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. விரல் இடுக்குகளில் தோல் உரிந்திருந்தது. அந்தக் கையோடுதான் அன்றும் பாத்திரம் கழுவிவிட்டு வந்திருக்கிறாள்.

துருவிக்கு அழுகை வந்துவிட்டது. "எரியும்போதே நிறுத்தியிருக்கலாமேக்கா."

"ஏழு நாள்னு சொன்னியே."

"எரிஞ்சா நிறுத்தணும்னு நான்தான் சொல்லல."

"நீ சின்னப் பொண்ணு, உனக்கென்ன தெரியும்," என்றாள் அக்கா. பிறகு கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "என்கிட்ட யாரும் எதையும் கேட்டதில்ல. நானா ஒண்ணு சொன்னா, நொட்டை அக்கான்னு பேரு. எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிற? உங்கம்மாதான் முதல் தடவையா தாள் குடுத்து, எப்படி இருக்குன்னு எழுதுங்கன்னு கேட்டா. கேட்டா ஒழுங்காச் சொல்ல வேணாமா?"

துருவி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெயரை அவளும்தான் சொல்லியிருக்கிறாள். போன வாரம்கூட, படியில் நின்று, சத்தமாக.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சிற்றலமாரியைத் திறந்து மீதிப் பதினைந்து டப்பாக்களையும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மெல்ல ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். எத்தனையோ மாதம் கழித்துக் கேட்கிற முணுமுணுப்பு.

பேசாமல் இருந்துவிடலாமா என்று துருவிக்கு ஆசையாக இருந்தது. பேசாமல் இருந்தால் நாளைக்கு அந்தத் தட்டு கிடைத்துவிடும். அப்புறம் யாரோ ஒருத்தர் அதைக் கடையில் வாங்கிப்போய்த் தடவுவார்கள். அவர்கள் கையும் அக்கா கை மாதிரி ஆனாலும் ஆகும்.

அவள் தன்னுடைய டப்பாவை எடுத்து அம்மா முன்னால் திறந்து வைத்தாள்.

"அம்மா, நான் ரெண்டு நாள்தான் தடவினேன். மீதி எல்லாம் இன்னைக்குக் காலையில எழுதினது."

அம்மா துடைப்பதை நிறுத்தினாள். துருவி மற்ற மூன்று டப்பாக்களையும் வரிசையாகத் திறந்தாள். அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பதினோரு வருடம் சுழி வைத்தவள் அவள்.

அம்மா நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தப் பரிசுக் கடிகாரம்தான்.

"இரக்கப்பட்டு எழுதியிருக்காங்க," என்றாள் அம்மா. "சரி. அவங்க எல்லாம் வெளியாளுங்க. உனக்கு என்ன வந்துது?"

அம்மா அடித்திருந்தால்கூடத் துருவிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"அக்கா கையப் பார்த்தேன்மா. நிஜமாவே வெந்துபோயிருக்கு," என்றாள்.

துருவி நீவி வைத்திருந்த தாளை அம்மா எடுத்து மறுபடி படித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, நிதானமாக.

"எரியறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லையே. கெடாம இருக்கிற மருந்து ஒண்ணுதான் எரியும். அதுவும் அளவு மீறினாத்தான். தொழிற்சாலையில நூறு கிலோவுக்கு ஒரு கிலோ போடுவோம். இங்க ஒரு கிலோவுக்குப் பத்து கிராம். கணக்குச் சரியாத்தானே இருக்கு?"

"பத்து கிராமை எதுலம்மா எடை போட்டே?"

"வேற எதுல? இதுலதான்." அம்மா சமையலறை முள் தராசைக் காட்டினாள். மாவும் சர்க்கரையும் நிறுக்கிற தராசு.

துருவி பென்சில் பெட்டியைக் கொண்டுவந்தாள். தட்டில் அழிப்பானை வைத்தாள். முள் அசையவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய பொத்தானை வைத்தாள். அப்போதும் இல்லை. பென்சில் சீவியை வைத்ததும் முள் திடுக்கென்று பத்துக்குத் தாவியது. மேலும் ஒரு பொத்தான் வைத்தாள். பத்து. இன்னும் ஒன்று. அப்போதும் அதே பத்து.

அம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள். ஆள் உயரத் தொட்டிக்குக் கிலோ கிலோவாகக் கொட்டிப் பழகிய கை அது. பத்து கிராம் என்பது இந்தத் தராசுக்குக் கண்ணிலேயே படாது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தராசும் இஸ்திரி மாமா மாதிரிதான், கேட்டவர் மனம் கோணாமல் ஒரு பதிலைச் சொல்லி வைத்திருக்கிறது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் மருந்துக்கடைக்குப் போனார்கள். அம்மா ஐந்து தாளையும் மேசைமேல் வைத்தாள்.

"சார், இந்த நாலும் பொய். ஒண்ணு என் பொண்ணு எழுதினது. இந்தக் கசங்கின தாள்தான் நிஜம். கிரீம்ல மருந்து கூடிப்போச்சு."

மருந்துக்கடைக்காரர் கசங்கிய தாளை மட்டும் எடுத்து இரண்டு தடவை படித்தார்.

"முழங்கை மடிப்புல பொட்டளவு வச்சு, ஒரு நாள் பார்த்துட்டு அப்புறம் தடவச் சொல்லலயா?"

"அது எனக்குத் தெரியாது சார். நாங்க கலக்கி நிரப்பறதோட சரி. தடவிப் பார்க்கிறதெல்லாம் வேற ஆளுங்க."

"நானாவது சொல்லியிருக்கணும்." அவர் உள்ளே போய் ஒரு களிம்பை எடுத்து வந்து துருவி கையில் கொடுத்தார். "இதை அந்த அம்மாகிட்டக் குடு. மூணு நாள்ல அடங்கலன்னா டாக்டரைப் பார்க்கச் சொல்லு." பிறகு அம்மாவிடம் திரும்பினார். "தட்டைக் காலியாப் போட்டு வைக்க முடியாதும்மா. திங்கக்கிழமை வேற கிரீம் வந்துடும்."

"தெரியும் சார்."

அம்மா கதவுவரை போய்விட்டாள். அவர் கூப்பிட்டார்.

"என்கிட்ட மருந்து நிறுக்கிற சின்னத் தராசு இருக்கு. அதைக் கடையை விட்டு வெளிய அனுப்ப மாட்டேன். நீங்க இங்க வந்து நிறுத்துட்டுப் போங்க."

அன்று மத்தியானம் அம்மாவும் மகளும் பதினைந்து டப்பாக்களையும் பழைய செய்தித்தாளில் வழித்துக் கொட்டினார்கள். துருவி ஒவ்வொரு சுழியையும் கரண்டியால் கலைத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே அதுதான் அவளுக்குப் பிடிக்காத வேலை.

அக்கம்பக்கத்தில் விஷயம் தெரிந்தபோது யாருக்கும் பிடிக்கவில்லை. நல்லது நினைத்து எழுதின தாளைப் பொய் என்று கடைக்காரர் முன்னால் போட்டுவிட்டார்களாம். இஸ்திரி மாமா துருவியைப் பார்த்தால் துணி மூட்டையை அவிழ்க்கிற மாதிரி குனிந்துகொண்டார். தபால் அத்தை கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கூப்பிடாமலே போனாள். ரொட்டிக்கடை அண்ணன் மட்டும் சிரித்தார். அதுவும் பாதிச் சிரிப்பு.

அம்மா ஓர் அட்டைப்பெட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெட்டி மடிக்கிற வேலை. விரலெல்லாம் அட்டை கீறின கோடுகள். ஒரு மாதம் அவள் அடுப்பில் மெழுகை வைக்கவே இல்லை.

அப்புறம் ஒரு விடுமுறை நாளில், மருந்துக்கடைக்குப் போய் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். இந்தத் தடவை மிகவும் சின்னப் பாத்திரம். இரண்டே இரண்டு டப்பாக்கள் நிரம்பின. மேலே சுழி போட்டு, மூக்கு வைத்தாள்.

"ஒண்ணு எனக்கும்மா," என்றாள் துருவி.

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"தினமும் தடவுவேன். தினமும் எழுதுவேன். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு எழுதுவேன்."

அம்மா ஒரு டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். மற்றதை எடுத்துக்கொண்டு துருவி மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

"மறுபடியுமா?" என்றாள் அக்கா. அவள் கை ஆறியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் தோல் புதிதாக, வெளிறி இருந்தது.

"வேணாம்னா வேணாம்கா. நிஜமாத்தான். தடவறதா இருந்தா முதல்ல முழங்கை மடிப்புல ஒரு பொட்டு. ஒரு நாள் முழுக்கப் பார்க்கணும். துளி எரிஞ்சாலும் கழுவிட்டு நிறுத்திடணும்."

"ரொட்டிக்கடைக்காரன் அக்காவுக்கும் தோல் சிவக்குமாமே. அவளைக் கேக்கறது?"

"அவங்களும் சூப்பர்னுதான் எழுதுவாங்க."

அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"தாள் எங்க?"

எட்டு நாள் கழித்து அந்தத் தாள் கதவுப்பிடியில் தொங்கியது. துருவி அதை அங்கேயே பிரித்துப் படிக்காமல், படியில் ஓடிவந்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா அட்டைக் கீறல் விழுந்த விரல்களால் அதை விரித்தாள்.

முழங்கையில் எரியவில்லை, ஆனால் இப்போதே சொல்ல முடியாது என்று முதல் வரி. பிசுபிசுப்பு குறைந்திருக்கிறது, இன்னும் குறையலாம் என்று இரண்டாவது. படியில் மெழுகு வாசம் வந்தது என்று மூன்றாவது. நாலாவது வரி தண்ணீர் பட்டுக் கலங்கியிருந்தது. ஐந்தாவதும் ஆறாவதும் டப்பா சின்னது என்பதைப் பற்றி. கடைசி வரியை அம்மா வாய்விட்டுப் படித்தாள்.

"ஏழு நாளும் எரியவில்லை. கை வெடிப்பு மூடிவிட்டது. மூடி இன்னமும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, முதல் தடவையே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. கிரீம் தீர்ந்துபோய்விட்டது."

துருவி பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். முழுப் பலத்தையும் போட்டுத் திருகித்தான் அதைத் திறக்க முடிந்தது. உள்ளே சுழியும் இல்லை, மூக்கும் இல்லை. ஓரம்வரை விரலால் வழித்து எடுத்திருந்தது.

அம்மா அந்தக் காலி டப்பாவை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் மூடியைப் போட்டுத் திருகிப் பார்த்தாள், திரும்பவும் திறந்து பார்த்தாள்.

"இறுக்கமாத்தான் இருக்கு," என்றாள். "முதல்ல இந்த மூடிய மாத்தணும்."